தொண்டு செய்தால் நமக்கு என்ன கிடைக்கும்?

'தன்னார்வத் தொண்டின் நன்மைகள்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். முப்பது மாணவர்களில் இருபத்தைந்து பேர் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். மனநிறைவு கிடைக்கும், ஓய்வு நேரம் பயனுள்ள வகையில் கழியும், ஒற்றுமை வளரும், நாடு முன்னேறும். நான்கு கருத்து, நான்கு பத்தி, ஒரு முடிவுரை. எதிலும் பிழை இல்லை. ஆனால் எந்த ஊரில், யார், என்ன வேலை செய்தார், அதனால் அவருக்கு என்ன ஆனது என்று ஒரு வரிகூட இருக்காது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. தொண்டு என்றால் பலனை எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம். அதனால் "நமக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வியைக் கேட்கவே பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பெற்றோர் கூச்சப்படுவதில்லை. தஞ்சோங் கிளிங், பாயா ரும்புட், செங் வட்டாரத்தில் ஒரு மாலை வகுப்புக்குப் படிவம் 5 முடித்த பிள்ளையை உதவிக்குக் கேட்டால், அம்மா நேராகவே கேட்பார்: "சார், வாரம் ரெண்டு நாள் வந்து சொல்லிக் கொடுக்கறதுல என் பிள்ளைக்கு என்னா லாபம்?" இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஒழுங்கான பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் அடுத்த வாரம் பகுதி நேர வேலைக்குக் கடைக்குப் போய்விடும், வகுப்பும் ஆள் இல்லாமல் மூடிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது.

ஆகவே கேட்கலாம் என்பதே என் கட்சி. லாபம் இருக்கிறது, உண்மையான லாபம். ஆனால் அது எல்லாத் தொண்டிலும் கிடைப்பதில்லை. எதில் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம்

மலாயில் 'சுக்காரெலா' என்கிறோம். சுக்கா என்றால் விருப்பம், ரெலா என்றால் மன இசைவு. தமிழில் 'தன்னார்வம்' என்பதும் அதே பொருள்தான். பிறர் தள்ளாமல் தானாக வரும் ஆர்வம். 'தொண்டு' இவற்றைவிடப் பழைய சொல். அதில் பக்தியின் மணமும் கொஞ்சம் உண்டு. சிங்கப்பூரில் 'தொண்டூழியம்' என்று எழுதுகிறார்கள், நம் நாளிதழ்களிலும் அந்தச் சொல் வருகிறது. தேர்வில் எதை எழுதினாலும் சரி, கட்டுரை முழுக்க ஒன்றையே எழுதுங்கள்.

திருக்குறளிலிருந்து மேற்கோள் தேடும் மாணவர்கள் உடனே 23ஆம் அதிகாரமான ஈகைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தைப் பாருங்கள்: 22, ஒப்புரவறிதல். ஈகை என்பது இல்லாதவர்க்குக் கொடுப்பது. அங்கே கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. ஒப்புரவு என்பது உலக நடையை அறிந்து ஊருக்குப் பயன்பட வாழ்வது. அங்கே செய்பவரும் அந்த ஊரில் ஒருவர்தான். தன்னார்வத் தொண்டுக்குப் பொருந்துவது ஒப்புரவு. நம் விஷயத்துக்கும் அதுதான் வேண்டும். ஊரில் ஒருவனாக நின்று வேலை செய்பவனுக்கு அந்த ஊரிடமிருந்து எதுவோ திரும்பி வரத்தான் செய்யும்.

ஓர் ஆசிரியையின் கதை

ஆசிரியர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ராசம்மா பூபாலன். 1927இல் ஈப்போவில் பிறந்தவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 16 வயதில், அக்காள் பொன்னம்மாவுடன் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் தானாகப் போய்ச் சேர்ந்தார். 1943இல் அமைந்த அந்தப் படைக்குத் தலைவி கேப்டன் லட்சுமி. படையில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் பலர். முகாமில் அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சியோடு எழுத்தும் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் போரைப் பற்றியும் ஜப்பானியரோடு சேர்ந்ததைப் பற்றியும் வரலாற்று ஆசிரியர்கள் பலவிதமாக எழுதுவார்கள், அது வேறு விவாதம். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. போர் முடிந்து ராசம்மா படிப்பைத் தொடர்ந்தார், ஆசிரியையானார். அன்று ஒரே வேலையைச் செய்த ஆசிரியருக்கும் ஆசிரியைக்கும் ஒரே சம்பளம் இல்லை. 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் உருவானபோது அதன் தோற்றுநர் தலைவர் இவர்தான். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு நடத்திய போராட்டம் அந்தப் பத்தாண்டிலேயே பலன் தந்தது. பிறகு கோலாலம்பூர் மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வரானார். ஓய்வு பெற்றும் ஓயவில்லை. வசதியில்லாத குடும்பத்துப் பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத் தரும் பயிற்சி நிலையம் ஒன்றைக் கிறிஸ்துவ இளம் பெண்கள் சங்கத்தின்வழி தொடங்கி நடத்தினார்.

அதே படையில் பொறுப்பில் இருந்த இன்னொருவர் ஜானகி ஆதி நாகப்பன். போருக்குப் பின் 1946இல் மலாயாவுக்கு வந்த இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவில் சேர்ந்து உழைத்தார். அதே ஆண்டு ம.இ.கா. தொடங்கப்பட்டபோது உடன் நின்றார். பின்னாளில் மேலவை உறுப்பினரானார்.

இவர்கள் இருவரும் 'தன்முன்னேற்றம்' என்று நினைத்துப் போகவில்லை. ஆனால் வந்து சேர்ந்தது என்ன என்று பாருங்கள். நூறு பேர் முன்னால் நின்று பேசுகிற துணிவு, கட்டளையை ஏற்கவும் கட்டளை இடவும் தெரிந்த பழக்கம், மேல்தட்டு, தோட்டப்புறம் என்று பாராமல் ஒரே கூடாரத்தில் வாழ்ந்த அனுபவம். சங்கம் அமைக்க இவை வேண்டும். இவற்றை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் பாடமாக நடத்தியதில்லை.

42-லிருந்து 17 போனால்

எல்லாரும் படைக்குப் போக வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்து உதாரணம் ஸ்ரீ முருகன் நிலையம். மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கியது. அதன் முதுகெலும்பே தன்னார்வலர்கள்தான். பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் வார இறுதியில் வந்து பாடம் நடத்துகிறார்கள். அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் திரும்பி வந்து தம்பி தங்கைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நேற்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர் இன்று அந்தப் பக்கம் நிற்கிறார். பெறுவதும் கொடுப்பதும் ஒரே ஆள் என்பதால் அங்கே 'தானம்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

சரி, அப்படிச் சொல்லித் தருகிற 18 வயதுப் பெண்ணுக்கு என்னதான் கிடைக்கிறது? ஒரு சின்ன வகுப்பைக் கற்பனை செய்து கொள்வோம். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் 42-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறான். "தப்புடா, 25" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடலாம். ஆனால் அடுத்த கணக்கிலும் அவன் அதே தவற்றைச் செய்கிறான். 53-லிருந்து 28, விடை 35. அப்போதுதான் அவள் நின்று யோசிக்கிறாள். பையன் கவனக்குறைவாகச் செய்யவில்லை, அவனுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறான்: ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி. 7-லிருந்து 2 போனால் 5, 4-லிருந்து 1 போனால் 3. மேலே இருக்கிற பத்தை உடைத்து ஒன்றுகளாக்கலாம் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் புரிந்துகொள்கிறான்.

இந்த அரை மணி நேரத்தில் அந்தப் பெண் கற்றுக்கொண்டது இடமதிப்பு மட்டும் இல்லை. ஒரு தவற்றுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும் என்பதையும் கற்றிருக்கிறாள். தாதியாகப் போனாலும், கணக்காளராகப் போனாலும், தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனாலும் அவளுக்கு வேண்டியது இதுதான். ஆசிரியர் பயிற்சிக் கழக நேர்காணலில் "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், 'ஆசிரியம் புனிதமான தொழில்' என்று பத்துப் பேர் சொல்வார்கள். இவள் மட்டும் அந்த 35-ஐப் பற்றிப் பேச முடியும்.

பாடம் நடத்துவது மட்டுமே தொண்டு என்று நினைக்க வேண்டாம். செங் சன்னாசிமலை மாசி மகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைப்பதும், தண்ணீர்ப் பந்தலில் மதிய வெயில் வரைக்கும் ஐஸ் தீராமல் பார்ப்பதும், மயங்கி விழுந்த பாட்டியை முதலுதவிக் கூடாரத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் எவ்வளவு பெரிய வேலை என்று. கோபமாகப் பேசுகிற ஓர் ஓட்டுநரிடம் குரலை உயர்த்தாமல் "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் விட்டுருங்க" என்று சொல்லக் கற்றவன், நாளைக்கு எந்தக் கவுண்டரில் உட்கார்ந்தாலும் சமாளிப்பான்.

ஆய்வுகள் சொல்வது

கட்டுரைக்குச் சான்று தேடுபவர்களுக்காக இரண்டு மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

2013இல் அமெரிக்காவில் தேசிய, சமூகச் சேவைக்கான அரசு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலை இல்லாதவர்களில் தொண்டு செய்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு, செய்யாதவர்களைவிட 27 விழுக்காடு கூடுதலாக இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த இரண்டு எண்கள். உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களிடையே அந்த வேறுபாடு 51 விழுக்காடு, கிராமப்புறத்தவரிடையே 55 விழுக்காடு. அதாவது கையில் சான்றிதழும் இல்லாமல், தெரிந்த பெரிய மனிதரும் இல்லாமல் இருப்பவருக்குத்தான் தொண்டு அதிகம் உதவுகிறது. தோட்டத்திலிருந்து வந்த நம் பிள்ளைகளின் நிலையை இதோடு வைத்துப் பாருங்கள். மாமா மேனேஜர், சித்தப்பா வக்கீல் என்று இருக்கிற பிள்ளைக்கு நான்கு பேர் அறிமுகம் வீட்டிலேயே கிடைக்கிறது. அது இல்லாத பிள்ளைக்குத் தொண்டு செய்கிற இடத்தில்தான் ஒரு தலைமையாசிரியரும், ஒரு தாதியும், ஒரு கடை முதலாளியும் தெரிந்தவர்கள் ஆகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தொண்டு செய்தவர்கள் இயல்பிலேயே சுறுசுறுப்பானவர்களாக இருந்திருக்கலாம், அதனாலும் வேலை கிடைத்திருக்கலாம். அந்த ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை முழுமையாக நிறுவவில்லை. கட்டுரையில் 'தொண்டு செய்தால் வேலை உறுதி' என்று எழுதிவிடாதீர்கள்.

காரணத்தைத் தேடிய ஆய்வு வேறொன்று இருக்கிறது. கனடாவில் 106 பத்தாம் வகுப்பு மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் ஒரு முறை, ஏறக்குறைய இரண்டு மாதம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவியது. மற்றது காத்திருந்தது. முடிவில் உதவிய குழுவினரின் இரத்தத்தில் கொழுப்பும் அழற்சிக் குறியீடும் குறைந்திருந்தன, உடல் எடைக் குறியீடும் அப்படியே. அவர்களிலும் பிறர்மீது பரிவு அதிகமாக வளர்ந்தவர்களுக்கே உடல்நலப் பயன் அதிகம். ஹன்னா ஷ்ரையர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதை 2013இல் வெளியிட்டார்கள். உடம்புக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னால் சிரிப்போம், இப்போது இரத்தப் பரிசோதனையே சொல்கிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் 60 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 15 மணி நேரம் தொடக்கப்பள்ளிகளில் உதவும் திட்டம் ஒன்றை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு உடல் இயக்கமும் மூளையின் செயல்பாடும் மேம்பட்டதாகக் கண்டார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் டிவி பார்க்கும் நண்பர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

சான்றிதழ் விவகாரம்

"சார், சர்ட்டிபிகேட் கொடுப்பாங்களா?" மாணவர்களின் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் என்ற கணக்கு நமக்குப் பழக்கமானது. பள்ளியின் பி.ஏ.ஜே.எஸ்.கே. மதிப்பீட்டில் சமூக சேவைக்கும் இடம் உண்டு. விவரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் புறப்பாடப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். சான்றிதழை வாங்குங்கள், பத்திரமாகக் கோப்பில் வையுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்கு வந்து டி-சட்டை வாங்கி, பேனரைப் பிடித்துப் படம் எடுத்து, நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போகிற கோத்தோங் ரோயோங்கில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அந்த மாதிரி பத்துச் சான்றிதழ் கோப்பில் இருந்தாலும், நேர்காணலில் "இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் தெரிந்துவிடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டுகளை மறுபடி பாருங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பவை இரண்டு: அந்த ஆளுக்கென்று ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தது, அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். அவர் வராவிட்டால் யாரோ ஒருவருக்குக் குறை ஏற்பட்டிருக்கும். 'நான் போகலைன்னா அந்தப் பையன் காத்துக்கிட்டு இருப்பான்' என்ற எண்ணம் வந்த நாளிலிருந்துதான் பொறுப்பு, நேரந்தவறாமை, பேச்சுத் திறன் என்று கட்டுரையில் நாம் எழுதுகிற எல்லாமே உருவாகத் தொடங்குகின்றன. ஒரே இடத்தில் ஆறு மாதம் செய்த வேலை, ஆறு இடத்தில் ஒரு நாள் செய்ததைவிட மதிப்பு என்பேன். இதில் மாற்றுக் கருத்து உள்ள ஆசிரியர்கள் உண்டு. பல அனுபவம் வேண்டாமா என்பார்கள். முதல் ஆறு மாதம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பகல் முழுக்கப் பள்ளியில் நின்றுவிட்டு மாலையில் கோயில் வகுப்பு, சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் என்று ஓடுபவர்கள் நம்மில் பலர். இந்தத் தொண்டு நமக்குத் தருவது என்ன? பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் ஒரு பிள்ளையோடு உட்கார முடிகிறது. கணக்கு ஆசிரியர் கதை சொல்லலாம், தமிழாசிரியர் தோட்டம் போடலாம். அங்கே பரிசோதித்துப் பார்த்த முறை மறுவாரம் வகுப்பறைக்கு வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்கிற ஆசிரியர் இரண்டே ஆண்டில் களைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுவார். அதைவிட ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்கு "இந்த வருஷம் முடியாதுங்க" என்று சொல்வது நல்லது. தலைவர்களும் அதைக் கோபிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேர்வு மாணவர்கள் இந்தத் தலைப்பில் எழுதும்போது, நான்கு நன்மைகளுக்குப் பதில் இரண்டை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஓர் ஊர், ஒரு வேலை. ராசம்மா பூபாலனை எழுதலாம், ஸ்ரீ முருகன் நிலையத்தை எழுதலாம், உங்கள் ஊர்த் தண்ணீர்ப் பந்தலையும் எழுதலாம். வாதக் கட்டுரையாக இருந்தால் எதிர்த்தரப்பு சொல்வதையும் தொடுங்கள். சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையைத் தொண்டர் தலையில் கட்டுகிறார்கள் என்ற குறை சில இடங்களில் உண்மைதான்.

அடுத்து, நேரில் இறங்க நினைப்பவர்களுக்கு. சேரும் முன் நான்கு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த நாள், எத்தனை மணி வரை, என் வேலை என்ன, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. இரவு வகுப்பு என்றால் வீட்டுக்கு யார் கொண்டு வந்து விடுவது என்பதையும் அப்பா அம்மாவிடம் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளோடு வேலை என்றால் பெரியவர் ஒருவர் எப்போதும் அங்கே இருக்க வேண்டும். அப்படி இல்லாத இடத்துக்குப் போக வேண்டாம்.

முதல் நாள் போகும்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். தேதி, செய்த வேலை, சரியாக வந்தது எது, வராதது எது என்று நான்கு வரி எழுதினால் போதும். பின்னாளில் நேர்காணலுக்கும் விண்ணப்பத்துக்கும் அது கைகொடுக்கும். அன்றைக்கு எந்தப் பிள்ளை வரவில்லை என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த வகுப்புக்கு முன்னால் அவன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கலாம்.